எழுவாய் எங்கே நிற்கிறது? ஆங்கிலச் செய்தி வாக்கியம்: வாசகர் கேள்வி – பதில்

ஆங்கில வாக்கிய அமைப்பைப் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை செய்தி வாக்கியத்தையே சுற்றி வந்தன. அவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். கண்ணால் மட்டும் படிக்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொற்களின் வரிசை காதில் பதிந்தால்தான் பேசும்போது தானாக வரும்.

கேள்வி: மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக் குறிப்பேட்டில் ‘அசெர்டிவ் சென்டென்ஸ்’ என்று இருக்கிறது. கடையில் வாங்கிய கைடில் ‘டிக்ளரேட்டிவ் சென்டென்ஸ்’ என்று போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றா? எப்படி அடையாளம் காண்பது?
– ஒரு தாய், கரூர்

பதில்: இரண்டும் ஒன்றுதான்: ஒரு செய்தியைச் சொல்லும் வாக்கியம், அதாவது செய்தி வாக்கியம். ‘ஸ்டேட்மென்ட்’ என்பதும் இதையே குறிக்கும். தேர்வில் எந்தப் பெயரில் கேட்டாலும் மகள் தயங்க வேண்டாம்.

கடைசியில் முற்றுப்புள்ளி இருந்தால் செய்தி வாக்கியம் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அதை நம்ப முடியாது. ‘ஷட் தி டோர்’ என்பதற்கும் முற்றுப்புள்ளிதான், ஆனால் அது கட்டளை. புள்ளியை விட்டுவிட்டு எழுவாய் எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

முதலில் காலம் காட்டும் வினையைக் கண்டுபிடிக்க வேண்டும். ‘தி சில்ட்ரன் ஆர் ப்ளேயிங் இன் தி ஸ்ட்ரீட்’ என்பதில் அது ‘ஆர்’. நேற்று நடந்ததாகச் சொன்னால் ‘ஆர்’ தான் ‘வேர்’ ஆகும், ‘ப்ளேயிங்’ அப்படியே இருக்கும். அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அடுத்து, அந்த வினைக்கு முன்னால் எழுவாய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘தி சில்ட்ரன்’ முன்னால் நிற்கிறது, ஆகவே செய்தி வாக்கியம். ‘ஆர் தி சில்ட்ரன் ப்ளேயிங்?’ என்றால் வினை முன்னே வந்துவிட்டது, அது கேள்வி. ‘ப்ளே இன் தி ஸ்ட்ரீட்’ என்பதில் எழுவாயே இல்லை, அது கட்டளை. ‘வாட் எ நாய்ஸ் தி சில்ட்ரன் ஆர் மேக்கிங்!’ என்பதில் எழுவாய் வினைக்கு முன்னால்தான் இருக்கிறது. ஆனாலும் தொடக்கத்தில் ‘வாட் எ’ வந்து உட்கார்ந்துவிட்டதால் அது உணர்ச்சி வாக்கியம்.

ஓர் இடத்தில் இந்தச் சோதனை ஏமாற்றும். ‘ஹூ ப்ரோக் தி பாட்?’ என்ற கேள்வியில் ‘ஹூ’ என்பதே எழுவாய், அதுவே முன்னால் நிற்கிறது. வினாச் சொல்லே எழுவாயாக வந்தால் அது கேள்விதான் என்று தனியாக நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று: ‘நாட்’ வந்தால் வேறு வகை என்று சில பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள். ‘ஐ டோன்ட் ஈட் மீட்’ என்பதும் செய்தி வாக்கியமே. இல்லை என்று சொல்வதும் ஒரு செய்திதானே.

கேள்வி: எனக்கு 26 வயது. இன்டர்வியூவில் பேசும்போது ‘மை ஃபாதர் ஃபார்மர்’, ‘ஃப்ரம் மதுரை’ என்று துண்டு துண்டாகத்தான் வருகிறது. இலக்கணம் படித்தும் வாக்கியம் முழுசாக வராதது ஏன்?
– வேலை தேடும் இளைஞர், மதுரை

பதில்: நீங்கள் தமிழில் முழு வாக்கியமாகத்தான் நினைக்கிறீர்கள். ‘அப்பா விவசாயி’ என்பதில் வினையே இல்லை, ஆனாலும் அது தமிழில் நிறைவான வாக்கியம். ‘வந்தேன்’ என்பதில் எழுவாய் இல்லை, ஆனால் கடைசியில் உள்ள ‘ஏன்’ விகுதி ‘நான்’ என்பதைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘கேம்’ என்று மட்டும் சொன்னால் வந்தது யார் என்று தெரியாது. ஐ கேம், ஹி கேம், தே கேம் எல்லாவற்றுக்கும் ‘கேம்’ ஒன்றே. அதனால் ஆங்கிலச் செய்தி வாக்கியத்தில் எழுவாய்க்கு ஓர் இடம், வினைக்கு ஓர் இடம் உண்டு. இரண்டில் எதுவும் காலியாக இருக்கக் கூடாது. நம்மவர்கள் அதைக் காலியாக விடும் இடங்கள் நான்குதான்.

முதலாவது, தமிழில் வினை இல்லாத வாக்கியங்கள். ‘அப்பா விவசாயி’ என்பது ‘மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்’. நிகழ்காலத்துக்கு ஆம், இஸ், ஆர். இறந்தகாலத்துக்கு வாஸ், வேர். தொழிலைச் சொல்லும்போது ‘எ’ என்பதையும் விடாதீர்கள். ‘இஸ்’ போட வேண்டும் என்று ஒருமுறை மனத்தில் பதிந்தவர்கள், தேவையில்லாத இடத்திலும் போட்டு ‘மை ஃபாதர் இஸ் வொர்க் இன் எ பேங்க்’ என்று சொல்வதும் உண்டு. அங்கே ‘வொர்க்’ என்ற வினை ஏற்கெனவே இருக்கிறது. ‘மை ஃபாதர் வொர்க்ஸ் இன் எ பேங்க்’ என்றால் போதும்.

இரண்டாவது, வினை விகுதிக்குள் ஒளிந்திருக்கும் எழுவாய். ‘2021-இல் பட்டம் பெற்றேன், பிறகு ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன்’ என்று நினைத்துக்கொண்டு ‘கம்ப்ளீட்டட் டிகிரி, ஜாயின்ட் வொர்க்‌ஷாப்’ என்று பேசுகிறோம். ‘ஐ கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் ட்வென்ட்டி ட்வென்ட்டி ஒன். தென் ஐ ஜாயின்ட் எ வொர்க்‌ஷாப்’ என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘ஐ’ வர வேண்டும். திரும்பத் திரும்ப ‘நான், நான்’ என்பது தமிழில் தற்பெருமை போலத் தோன்றும். ஆங்கிலத்தில் அப்படித் தோன்றாது, கூச்சப்பட வேண்டாம்.

மூன்றாவது, யார் செய்தார்கள் என்று சொல்ல ஆளே இல்லாத செய்திகள். மழை பெய்கிறது, மணி ஐந்து, இன்றைக்கு வெயில் அதிகம். இவற்றில் ‘இட்’ வந்து அந்த இடத்தை நிரப்பும்: ‘இட் இஸ் ரெய்னிங்’, ‘இட் இஸ் ஃபைவ் ஓ’க்ளாக்’, ‘இட் இஸ் வெரி ஹாட் டுடே’. ஓரிடத்தில் ஒன்று இருக்கிறது என்று சொல்ல ‘தேர்’ வரும். ‘எங்கள் தெருவில் ஒரு நூலகம் இருக்கிறது’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி ‘இன் அவர் ஸ்ட்ரீட் ஒன் லைப்ரரி இஸ் தேர்’ என்பார்கள். ‘தேர் இஸ் எ லைப்ரரி இன் அவர் ஸ்ட்ரீட்’ என்பதே சரி. பலவாக இருந்தால் ‘தேர் ஆர்’.

நான்காவதுதான் அதிகம் வதைப்பது: ‘எனக்கு’ என்று தொடங்கும் வாக்கியங்கள். எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்குத் தலை வலிக்கிறது. தமிழில் எத்தனை ‘எனக்கு’ வந்தாலும் மேற்சொன்ன எல்லாவற்றிலும் ஆங்கிலத்தில் ‘ஐ’ என்றே தொடங்குங்கள். மாறுவது வினை மட்டும். நிலையைச் சொன்னால் ‘ஆம்’: ‘ஐ ஆம் ஹங்ரி’. உடைமை, உறவு, நோய் என்றால் ‘ஹேவ்’: ‘ஐ ஹேவ் எ ஹெடேக்’, ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’. தெரியும், பிடிக்கும், வேண்டும் என்றால் அந்தந்த வினையே: ‘ஐ நோ’, ‘ஐ லைக் இட்’, ‘ஐ நீட் எ பென்’. வயதுக்கு ‘ஐ ஆம் ட்வென்ட்டி சிக்ஸ்’. ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்பது நம் நாட்டில் பரவலாகக் காதில் விழுகிறது. ஆனால் உறவும் உடைமையும் ஒரு செயல் அல்ல, அவற்றுக்கு ‘ஹேவிங்’ பொருந்தாது. ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பொருள், அது சரி.

இடம் ஒன்றுதான் என்பதால் அதில் இருவர் உட்காரவும் முடியாது. ‘மை ஃபாதர் ஹி இஸ் எ ஃபார்மர்’ என்பதில் ‘ஹி’ மிகை.

இதற்குப் பயிற்சி எளிது. உங்களைப் பற்றிப் பத்து வாக்கியம் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் எழுவாய்க்கு ஒரு கோடும் வினைக்கு இரண்டு கோடும் போடுங்கள். கோடு போட இடம் கிடைக்காத வாக்கியம்தான் உங்கள் குறை. அதைத் திருத்திப் பத்தையும் உரக்கப் படியுங்கள். ‘வேர் ஆர் யூ ஃப்ரம்?’ என்று கேட்டவருக்கு ‘ஃப்ரம் மதுரை’ என்று பதில் சொல்வதில் குற்றமில்லை, பேச்சில் ஆங்கிலேயரும் அப்படித்தான் சொல்வார்கள். நீங்களாகத் தொடங்கிப் பேசும் அறிமுகத்தில்தான் முழு வாக்கியம் வேண்டும்.

கேள்வி: ஒரு கடிதத்தில் ‘ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி’ என்று எழுதியிருந்தேன். மேலதிகாரி அடித்துவிட்டு ‘வேர் ஹி இஸ்’ என்று திருத்தினார். கேள்வி என்றால் ‘வேர் இஸ் ஹி’ தானே?
– வங்கி ஊழியர், நாகர்கோவில்

பதில்: திருத்தியது சரி. அந்த வாக்கியம் யாரையும் எதையும் கேட்கவில்லை. தெரியாது என்ற செய்தியைத்தான் சொல்கிறது. உள்ளே இருக்கும் கேள்வி அந்தச் செய்தியின் ஒரு பகுதியாகிவிட்டதால், எழுவாய் முன், வினை பின் என்ற வரிசைக்குத் திரும்பிவிட வேண்டும்.

நமக்கு இது ஏன் தடுமாற்றம் தருகிறது என்றால், தமிழில் கேள்வி உள்ளே போனாலும் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. ‘அவர் எங்கே இருக்கிறார்?’ என்பதோடு ‘என்று தெரியவில்லை’ என்று சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. அந்தப் பழக்கத்தில் ஆங்கிலக் கேள்வியையும் அப்படியே தூக்கி உள்ளே வைத்துவிடுகிறோம்.

வினாச் சொல் முன்னால் இருக்கட்டும். அதையடுத்து எழுவாய், பிறகு வினை. கேள்வியில் டூ, டஸ், டிட் இருந்தால் அதை எடுத்துவிட்டு, அது காட்டிய காலத்தை முதன்மை வினையிடம் கொடுங்கள். ‘வென் டஸ் தி பஸ் லீவ்?’ என்பது ‘ஐ டோன்ட் நோ வென் தி பஸ் லீவ்ஸ்’ ஆகும். ‘வேர் டிட் ஷி கோ?’ என்பது ‘ஐ டோன்ட் நோ வேர் ஷி வென்ட்’ ஆகும். பலர் வழுக்குவது இந்த இடத்தில்தான்: ‘டிட்’டை எடுத்துவிட்டு ‘கோ’வை அப்படியே விட்டுவிடுவார்கள். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியாக இருந்தால் வினாச் சொல் இருக்காது. அங்கே ‘இஃப்’ அல்லது ‘வெதர்’ சேருங்கள்: ‘இஸ் ஹி கமிங்?’ என்பது ‘ஐ டோன்ட் நோ இஃப் ஹி இஸ் கமிங்’. அலுவலகக் கடிதத்தில் ‘வெதர்’ இன்னும் பொருத்தம். ‘ஹூ சைண்ட் திஸ்?’ போல வினாச் சொல்லே எழுவாயாக இருந்தால் எதையும் மாற்ற வேண்டாம்: ‘ஐ டோன்ட் நோ ஹூ சைண்ட் திஸ்’.

கடைசியில் எந்தக் குறி என்பதை வெளி வாக்கியம் தீர்மானிக்கும். ‘ஐ டோன்ட் நோ’ என்று தொடங்கினால் முற்றுப்புள்ளி. ‘கேன் யூ டெல் மி வேர் தி மேனேஜர் இஸ்?’ என்பதில் வெளி வாக்கியம் கேள்வி, அதனால் வினாக்குறி. உள்ளே அப்போதும் ‘தி மேனேஜர் இஸ்’ என்ற வரிசைதான்.

கேள்வி: ‘ஐ டிட் நாட் வென்ட்’ என்பது ஏன் தவறு? நடந்து முடிந்ததைத்தானே சொல்கிறோம்?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: காலத்தை ‘டிட்’ ஏற்கெனவே காட்டிவிட்டது. ஆங்கிலச் செய்தி வாக்கியத்தில் காலத்தை ஓரிடத்தில்தான் காட்ட வேண்டும், அதுவும் முதலில் வரும் வினையில். எனவே ‘ஐ டிட் நாட் கோ’.

தமிழிலும் இதே ஒழுங்கு இருப்பதைப் பாருங்கள். ‘போனேன்’ என்பதை மறுத்துப் பேசும்போது ‘போகவில்லை’ என்கிறோம். ‘போக’ என்பதில் காலமும் இல்லை, யார் என்பதும் இல்லை. மறுக்கும் வேலை முழுவதும் ‘இல்லை’யிடம் போய்விட்டது. நான், அவள், அவர்கள் எல்லோருக்கும் ‘போகவில்லை’ ஒன்றே. ‘டிட் நாட் கோ’ என்பதும் எல்லோருக்கும் ஒன்றே. ‘போக’ என்பதற்கு நேராக ‘கோ’ என்று வைத்துக்கொண்டால் ‘வென்ட்’ நாவில் வராது.

நிகழ்காலத்தில் மட்டும் ஆளுக்கேற்பப் பிரியும்: ஹி, ஷி, இட் என்றால் ‘டஸ் நாட்’, மற்றவர்களுக்கு ‘டூ நாட்’. ‘ஹி நோஸ்’ என்பதில் இருந்த ‘ஸ்’ ஒலி ‘டஸ்’ஸுக்குப் போய்விட்டதால் ‘ஹி டஸ் நாட் நோ’. ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், கேன், வில், ஷுட் போன்றவை இருந்தால் ‘டூ’வை அழைக்கவே வேண்டாம். அவற்றின் பின்னாலேயே ‘நாட்’ வரும்: ‘ஷி இஸ் நாட் ஹியர்’, ‘ஐ கேனாட் கம்’.

கேள்வி: ‘யூ ஆர் கமிங் டுமாரோ?’ என்று கேட்பது தவறா?
– வாசகர், சேலம்

பதில்: தவறில்லை, ஆனால் எல்லா இடத்திலும் செல்லாது. செய்தி வாக்கியத்தின் வரிசையை மாற்றாமல் குரலை மட்டும் கடைசியில் உயர்த்தினால், ‘இப்படித்தான் என்று நினைக்கிறேன், உறுதி செய்யுங்கள்’ என்றோ, ‘அப்படியா!’ என்ற வியப்போ தொனிக்கும். ஒன்றுமே தெரியாமல் புதிதாகக் கேட்கும்போது ‘ஆர் யூ கமிங் டுமாரோ?’ என்று கேளுங்கள். முதல் முறை சந்திப்பவரிடம் ‘யூ ஆர் தி மேனேஜர்?’ என்றால், நீங்களா மேனேஜர் என்று சந்தேகப்படுவது போல அவர் காதில் விழக்கூடும். தமிழில் ‘ஆ’ சேர்த்தால் எதுவும் கேள்வியாகிவிடுவதால் இந்த வேறுபாடு நமக்குச் சட்டென்று தெரிவதில்லை.

எல்லா வாக்கியத்தின் கடைசியிலும் ‘இஸின்ட் இட்’ ஒட்டுவதும் இதே வகைப் பழக்கம். வால் பகுதி, வாக்கியத்தின் எழுவாயையும் வினையையும் ஒட்டியே அமைய வேண்டும்: ‘யூ லிவ் இன் சேலம், டோன்ட் யூ?’, ‘ஷி கேன் ட்ரைவ், கான்ட் ஷி?’, ‘தே வேர் லேட், வேரின்ட் தே?’

கேள்வி: கேள்வியையும் உணர்ச்சி வாக்கியத்தையும் செய்தி வாக்கியமாக மாற்றும் பயிற்சியில் மதிப்பெண் போகிறது. வழி சொல்லுங்கள்.
– போட்டித் தேர்வு எழுதுபவர், விழுப்புரம்

பதில்: மாற்றக் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் பதிலை எதிர்பார்க்காதவை. பதில் அதற்குள்ளேயே இருக்கும். உடன்பாட்டில் கேட்டால் செய்தி எதிர்மறை, எதிர்மறையில் கேட்டால் செய்தி உடன்பாடு. ‘ஹூ கேன் பேர் சச் அன் இன்சல்ட்?’ என்பது ‘நோ ஒன் கேன் பேர் சச் அன் இன்சல்ட்’. ‘ஹூ டஸ் நாட் லவ் ஃப்ரீடம்?’ என்பது ‘எவ்ரிஒன் லவ்ஸ் ஃப்ரீடம்’. இரண்டாவதில் ‘டஸ்’ போனதும் ‘லவ்’ என்பதோடு ‘ஸ்’ சேர்ந்ததைக் கவனியுங்கள். மதிப்பெண் போவது அங்கேதான்.

உணர்ச்சி வாக்கியத்தில் ‘ஹவ்’ இருந்தால் அதை எடுத்துவிட்டு ‘வெரி’: ‘ஹவ் கோல்ட் தி நைட் இஸ்!’ என்பது ‘தி நைட் இஸ் வெரி கோல்ட்’. ‘வாட் எ’ இருந்தால் ‘எ வெரி’: ‘வாட் எ பியூட்டிஃபுல் டெம்பிள் இட் இஸ்!’ என்பது ‘இட் இஸ் எ வெரி பியூட்டிஃபுல் டெம்பிள்’. பெயரடை இல்லாமல் வெறும் பெயர்ச்சொல் வந்தால் ‘வெரி’ நிற்காது: ‘வாட் எ ஃபூல் ஹி இஸ்!’ என்பதற்கு ‘ஹி இஸ் எ கிரேட் ஃபூல்’. வினையில்லாமல் ‘வாட் எ ஷேம்!’ என்று மட்டும் இருந்தால் எழுவாயும் வினையும் நீங்கள் கொடுக்க வேண்டும்: ‘இட் இஸ் எ கிரேட் ஷேம்’.

கேள்வி: ‘ஐ வான்ட் யூ டு ஃபினிஷ் திஸ் பை ஈவினிங்’ என்று மேனேஜர் மெயில் அனுப்புகிறார். இது கட்டளைதானே? ஏன் செய்தி வாக்கியம் என்கிறார்கள்?
– ஐ.டி. ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: வடிவத்தால் செய்தி, நோக்கத்தால் கட்டளை. வகை பிரிக்கும்போது இலக்கணம் வடிவத்தையே பார்க்கும்: ‘ஐ’ எழுவாய், ‘வான்ட்’ வினை, வரிசை சரியாக இருக்கிறது. வடிவம் ஒன்று, நோக்கம் வேறு என்பது தமிழ் இலக்கணத்துக்குப் புதிதல்ல. நன்னூல் சொல்லும் ஆறு வகை வினாக்களில் ஏவல் வினாவும் ஒன்று. ‘செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாயா?’ என்று கேட்பது, ஊற்று என்று ஏவுவதே.

மெயிலில் இந்த வேறுபாடு கைகொடுக்கும். மேலே உள்ளவருக்கு ‘செண்ட் மி தி ஃபைல்’ என்று எழுதினால் முரட்டுத்தனமாக இருக்கும். ‘ஐ நீட் தி ஃபைல் பை ஃபோர் ஓ’க்ளாக்’ என்று செய்தியாக எழுதினால் தேவையும் நேரமும் தெளிவாகும், ஏவலாகவும் ஒலிக்காது. ‘ஐ வான்ட் யூ டு’ என்பதை மட்டும் மேலதிகாரிக்கு எழுத வேண்டாம், அது அதிகாரத் தொனி.

கேள்வி: எழுவாய் முன்னால் வர வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ‘நெவர் ஹேவ் ஐ சீன் சச் எ க்ரவுட்’ என்று பாடத்தில் வந்தபோது ஒரு மாணவன் கேள்வி கேட்டான். என்ன சொல்வது?
– ஆசிரியை, யாழ்ப்பாணம்

பதில்: அந்த மாணவனைப் பாராட்டுங்கள், கவனித்துக் கேட்டிருக்கிறான். எதிர்மறைப் பொருளுடைய அல்லது வரம்பு கட்டும் சொல்லை அழுத்தத்துக்காக வாக்கியத்தின் தலையில் வைத்தால், துணைவினை எழுவாய்க்கு முன்னால் வந்துவிடும். நெவர், ரேர்லி, ஹார்ட்லி, நோ சூனர், ஒன்லி தென் போன்றவை அப்படிப்பட்டவை. துணைவினை இல்லாவிட்டால் ‘டிட்’ வரும்: ‘ஒன்லி தென் டிட் ஐ அண்டர்ஸ்டாண்ட்’. கேள்வியின் வரிசை என்றாலும் எதையும் கேட்கவில்லை, வினாக்குறியும் இல்லை. அதே சொல்லை நடுவில் வைத்தால் வரிசை இயல்புக்குத் திரும்பும்: ‘ஐ ஹேவ் நெவர் சீன் சச் எ க்ரவுட்’. இரண்டையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதிக் காட்டினால் மாணவர்களுக்குப் புரிந்துவிடும்.

‘ஹியர் கம்ஸ் தி பஸ்’ என்பது இன்னொரு வகை. எழுவாய் பெயர்ச்சொல் என்றால்தான் இப்படிப் பின்னே போகும், பிரதிப்பெயர் என்றால் ‘ஹியர் இட் கம்ஸ்’. கீழ் வகுப்புகளுக்கு இவை இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். இயல்பான வரிசை கைவந்த பிறகு சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: ‘ஐ வென்ட் டு தி ஷாப், இட் வாஸ் க்ளோஸ்ட்’ என்று எழுதினால் கம்ப்யூட்டர் அடிக்கோடு காட்டுகிறது. எழுவாயும் வினையும் இரண்டிலும் இருக்கின்றனவே?
– வாசகி, திருச்சி

பதில்: இருப்பதால்தான் சிக்கல். இரண்டும் தனித்தனியே முழு வாக்கியங்கள். ‘கடைக்குப் போனேன், மூடியிருந்தது’ என்று தமிழில் ஒரு காற்புள்ளியில் ஓடிவிடலாம். ஆங்கில எழுத்து நடையில் இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளி மட்டும் தாங்காது. முற்றுப்புள்ளி வைத்து இரண்டாகப் பிரியுங்கள், அல்லது காற்புள்ளியோடு ‘பட்’ சேருங்கள்: ‘ஐ வென்ட் டு தி ஷாப், பட் இட் வாஸ் க்ளோஸ்ட்’. இரண்டும் நெருங்கிய தொடர்புடையவை என்று காட்ட அரைப்புள்ளியும் போடலாம். ‘ஹவெவர்’ என்ற சொல்லை ‘பட்’ போல நினைத்துக் காற்புள்ளிக்குப் பின் போட்டுவிடாதீர்கள். அதற்கு முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும், பின்னால் ஒரு காற்புள்ளியும் வேண்டும்.